டேங்குக் கணக்கு

வாரத்தில் ஆறு நாள் நான் சம்பளம் வாங்குவது, மற்றவர் உடம்பில் ரசாயனம் படாமல் பார்த்துக்கொள்வதற்காக. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவிலுள்ள எங்கள் மாந்தோப்பில், செருப்புகூட இல்லாமல் ஒருவர் களைக்கொல்லி அடிப்பதை வரப்பில் நின்று மேற்பார்வை செய்திருக்கிறேன். "அந்த ஓரம் விட்டுப்போச்சு பாருங்கண்ணா" என்று கை காட்டியிருக்கிறேன். காற்று என் பக்கம் திரும்பினால் நான் மட்டும் நாலடி தள்ளி நின்றுகொள்வேன். அப்படித் தள்ளி நிற்கக் கற்றுக்கொடுத்தது என் படிப்பு. அவர் எங்கே தள்ளி நிற்பது? டேங்க் அவர் முதுகில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திர-தமிழக எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழகப் பக்கம் போனது, சத்தியவேட்டைச் சுற்றிய ஊர்கள் ஆந்திரப் பக்கம் வந்தன. வீட்டில் தமிழ், பட்டாவில் தெலுங்கு. அப்பாவை நைனா என்று கூப்பிடும் தமிழ் எங்களுடையது. நேற்றுவரை சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் எங்கே போனாலும் ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும், கோரை வருஷம் முழுக்க முளைக்கும்.

நைனா காலத்தில் களையெடுப்பு பெண்களின் வேலை. என் சின்னம்மாதான் எங்கள் தெருக் கூட்டத்துக்கு முன்னத்தி. விடிந்ததும் ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்புவார். கடலைக் கொல்லையில் களைக்கொத்தோடு வரிசையாகக் குந்தி நகர்வார்கள், பேச்சும் சிரிப்பும் வரப்புக்கு வரப்பு கேட்கும். பிடுங்கியதெல்லாம் குப்பைக்குப் போகவில்லை. பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் மடியில் ஏறும், அன்று ராத்திரிக் குழம்பு அதுதான். கானாவாழை ஆட்டுக்கு, அருகு மாட்டுக்கு. மூக்கிரட்டையைப் பாட்டி கேட்டு வாங்கிக்கொள்வார். களைக்கும் ஊரில் உறவு இருந்தது.

அந்தக் கூட்டம் கலைந்த கதைக்கு வில்லன் யாரும் இல்லை. 2008 வாக்கில் தடாவுக்கு மேற்கே, வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் ஸ்ரீ சிட்டி எழுந்தது. 2015-இல் அங்கே ஷியோமிக்காகக் கைபேசி பூட்ட ஆரம்பித்த பாக்ஸ்கான் ஆலை பெரும்பாலும் பெண்களையே வேலைக்கு எடுத்தது. அடுத்தடுத்து வந்த ஆலைகளின் பஸ்களும் விடியற்காலையில் எங்கள் ஊர் முனையில் நிற்க ஆரம்பித்தன. சின்னம்மாவின் மகள் முதல் ஆளாக ஏறினாள். வெயில் இல்லை, குந்தி நகர வேண்டாம், மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம், பி.எஃப். பிடித்தம். அவளைப் பார்த்து 'களையெடுக்க வா' என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? நானே அதே சாலையில் அதே பஸ்ஸில் போய்ச் சம்பாதிப்பவன். ஊரில் களையெடுக்க மிச்சம் இருந்தது முழங்கால் வலிக்கும் கிழவிகள்தான். கூலி ஏறியது. ஏறினாலும் ஆள் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிடத்துக்குள்தான் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வந்தது. கடையில் ரவுண்டப் என்று கேட்டால் எந்தக் கம்பெனி பாட்டிலையாவது எடுத்துக் கொடுப்பார்கள். தெலுங்குக்காரர்களுக்கு அது கட்டி மந்து, எங்களுக்குப் புல்லு மருந்து.

அதன் நல்லதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கோரையோடு மல்லுக்கட்டாத ஒருவருக்கு அந்த மருந்தின் அருமை புரியாது. கோரை, உலகத்தின் மோசமான களைகள் பட்டியலில் ஆராய்ச்சியாளர்கள் முதலிடம் கொடுத்த பூண்டு. மேலே வெட்டினால் கீழே கிழங்கு சிரிக்கும். உழுதால் கிழங்கு அறுந்து ஒன்று பத்தாகும். கிளைபோசேட் இலையில் பட்டு, செடி தன் சாப்பாட்டைக் கடத்தும் வழியிலேயே பயணித்து, கிழங்குவரை போய்ச் சேரும். அங்கே செடி தன் புரதங்களுக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்யும் பாதையில் ஒரு நொதியை அடைத்துவிடும். செடி பட்டினி கிடப்பதுபோல் மெல்ல வெளுத்து, ஒரு வாரம் பத்து நாளில் சாயும். அந்தப் பாதை மனித உடம்பிலோ மாட்டின் உடம்பிலோ இல்லை. 1970-இல் மான்சான்டோ கம்பெனியில் ஜான் ஃபிரான்ஸ் கண்டுபிடித்து, 1974-இல் சந்தைக்கு வந்த இந்தச் சரக்கு உலகிலேயே அதிகம் விற்கும் களைக்கொல்லியாக ஆனதற்கு அந்த ஒரு காரணம் போதும். மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் அடுத்து விதைக்கும் பயிரையும் பெரும்பாலும் தொடாது. தோப்பில் முதல் முறை அடித்துப் பத்தாம் நாள் போய்ப் பார்த்தபோது, மரத்துக்கு மரம் பழுப்பாய் விரிந்து கிடந்த தரையைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷம்தான். நைனா மட்டும், "மாடு இனிமே எங்கடா மேயும்?" என்று கேட்டார். மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

அடிக்கும் முறைக்கு வருகிறேன். பாட்டிலில் லிட்டருக்கு இத்தனை மில்லி என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் அளவு மூடிக்கணக்கு. போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருப்பதால் மருந்து சரியாக ஏறாது. அதற்கு அம்மோனியம் சல்பேட் சேர்ப்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி. கடைக்காரர் சொல்லும் வழி ஒரு கைப்பிடி உப்பு, இலையில் ஒட்டுவதற்கு ஒரு பாக்கெட் ஷாம்பு. கலக்குவது கையால் அல்லது கிடைத்த குச்சியால். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். மீந்த மருந்து கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றப்பட்டு மோட்டார் கொட்டகை மாடத்தில் ஏறும். டேங்கைக் கழுவிய தண்ணீர் வாய்க்காலில்.

எங்கள் தொழிற்சாலையில் பேர் எழுதாத பாட்டில் ஒன்று கிடங்கில் இருந்தால் அன்றைக்கே எனக்கு மெமோ வரும். ஒவ்வொரு பீப்பாய்க்கும் பதினாறு தலைப்புகள் கொண்ட பாதுகாப்புத் தாள் உண்டு. கண்ணில் பட்டால் கழுவப் பத்து விநாடியில் எட்டும் தூரத்தில் குழாய் உண்டு. இரண்டு ரசாயனத்தை ஒன்றாகக் கலக்க வேண்டும் என்றால் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஷாம்புவும் உப்பும் கலந்த டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு இதெல்லாம் எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை என்று யோசித்திருக்கிறேன். ஞாபகம் வராமல் இல்லை. தொழிற்சாலையில் ஆடிட்டர் வருவார், தோப்புக்கு யாரும் வரமாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இதை என் மண்டையில் ஏற்றியது ஒரு பயிற்சி வகுப்பு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ரசாயனப் பாதுகாப்பு பற்றி நான் வழக்கமாக எடுப்பது. வேலைச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, கம்பெனியே துவைத்துக் கொடுக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வரதய்யபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், எங்கப்பா மருந்தடிக்கப் போறவரு. அவரு சட்டைய எங்க துணியோடதான் ஊறவைக்கிறோம். தம்பி பாப்பாவோட துணியும் அதுலதான். அதுக்கு என்னா சார் ரூல்?" தனியாகத் துவைக்க வேண்டும், கையுறை போட வேண்டும், அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றக் கூடாது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். எங்கள் தோப்பில் அடிக்கும் அண்ணனின் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எதிர்பார்த்ததைவிடக் குழப்பம்.

2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 2ஏ பிரிவில், 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்று வைத்தது. நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயைத்தான் முக்கியமாகச் சுட்டியது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு என்றது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையும் அதே பக்கம். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் பத்து ஆண்டுக்கு அனுமதியைப் புதுப்பித்தது. நடுவில், 2018 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூட மைதானங்களுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த டிவெய்ன் ஜான்சன் என்பவருக்கு ஜூரிகள் 289 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அது 20.5 மில்லியனாகச் சுருங்கியது. மான்சான்டோவை வாங்கிய பேயர் கம்பெனிக்கு அதன் பிறகு வழக்குமேல் வழக்கு.

சரி, யார் சொல்வது சரி? என் தொழிலில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பொருளுக்குக் கெடுதல் செய்யும் குணம் உண்டா என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு, எத்தனை நாள், எந்த வழியாக உன் உடம்பில் ஏறுகிறது என்பது வேறு கேள்வி. புற்றுநோய் முகமை முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. அதே 2ஏ பட்டியலில் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி உண்டு. இரவு ஷிப்ட் வேலையும் உண்டு. இதைப் படித்த அன்று சிரிப்பதா என்று தெரியவில்லை. களையெடுப்பை விட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் போய்ச் சேர்ந்த ராத்திரி ஷிப்டும், அவர்கள் விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்த மருந்தும் ஒரே பட்டியலில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சொல்லப்படும் பதிலில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அடிப்பவர் லேபிளில் உள்ளபடி அடிக்கிறார் என்ற அனுமானம். கையுறை, பூட்ஸ், முழுச்சட்டை, சரியான அளவு, காற்றில்லாத நேரம். ஜான்சன் வழக்கில் ஜூரிகள் கேட்டது, குழாய் பிய்ந்து அவர் உடம்பெல்லாம் நனைந்த கதையை. எங்கள் பக்கம் ஒழுகும் டேங்க்தான் வழக்கமான டேங்க். லுங்கியின் பின்பக்கம் நனைந்து, இடுப்பிலிருந்து முழங்கால்வரை அரை நாள் ஈரத்தோடு நடப்பார்கள். நாசிலை வாயில் ஊதுகிறவர்களின் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்று எந்த ஆணையத்தின் சமன்பாட்டிலும் எண் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'சொன்னபடி பயன்படுத்தினால் பாதுகாப்பானது' என்ற வாக்கியம் பொய்யில்லை. எங்கள் தோப்புக்கு அது பொருந்தாது.

சிறுநீரகக் கதையும் இருக்கிறது. ஆந்திரத்தின் வடகோடியில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில் தென்னையும் முந்திரியும் வளர்க்கும் ஊர்களில் காரணம் புரியாத சிறுநீரகச் செயலிழப்பு வருஷக்கணக்காக ஆட்களைத் தின்கிறது. இலங்கையில் வடமத்திய மாகாண நெல் விவசாயிகளுக்கும் அதே. கடின நீரும் கிளைபோசேட்டும் சேர்ந்துதான் இது என்று 2014-இல் இலங்கை ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை வைத்தார்கள். அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. வெயில், குடிக்கும் தண்ணீரின் ஃபுளோரைடு, உடம்பில் நீர் வற்றுவது எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இலங்கை அரசு காத்திருக்காமல் 2015-இல் தடை போட்டது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் என்ன ஆனது? களை வெட்ட ஆளில்லை, வேறு களைக்கொல்லிகள் வந்தன, அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறதென்று ஜப்பானிலிருந்து புகார் வந்தது. 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ஆள் இல்லாத இடத்தில் பாட்டிலை மட்டும் பிடுங்கினால் இன்னொரு பாட்டில் வரும். இந்த அனுபவம் எனக்குப் பின்னால் உதவியது.

அந்த இன்னொரு பாட்டில் சில சமயம் பாராகுவாட்டாக இருப்பதுதான் பயம். 'இன்னிக்கு அடிச்சா நாளைக்குக் கருகும்' என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் சரக்கு. வயிற்றுக்குள் போனால் முறிமருந்து கிடையாது, நுரையீரல் மெல்ல இறுகிப்போகும். ஐரோப்பாவில் 2007-லிருந்து இல்லை. கேரளம் 2011-இல் நிறுத்தியது. இலங்கை 2008-இல் தொடங்கிப் படிப்படியாக எடுத்துவிட்டது, அதனால் பல உயிர்கள் தப்பின, விளைச்சல் விழவில்லை. நம் பாட்டில்களில் உள்ள முக்கோணத்துக்கு நாலு நிறம்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. பாராகுவாட்டுக்கு மஞ்சள். கிளைபோசேட் கீழ்ப்படியில் வரும். இந்த நிறங்கள் ஒரேயடியாக உள்ளே போனால் எவ்வளவில் ஆள் சாவான் என்பதை மட்டுமே சொல்கின்றன. இருபது வருஷம் அடித்தால் என்னாகும் என்பதற்கோ தவளைக்கு என்னாகும் என்பதற்கோ நிறம் இல்லை.

தவளையைச் சும்மா சொல்லவில்லை. பாட்டிலில் கிளைபோசேட் 41 சதவீதம்தான். மிச்சத்தில், இலையில் ஒட்ட வைக்கும் சோப்பு மாதிரியான பொருளும் உண்டு. ரவுண்டப்பில் பல காலம் இருந்த அந்தப் பொருளை ஐரோப்பா 2016-இல் விலக்கிவிட்டது. 2005-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ரிக் ரெலியா செயற்கைக் குட்டைகளில் ரவுண்டப் கலந்து பார்த்தபோது தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எங்கள் தோப்பு ஒரு சரிவு. மழைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏரிக்குப் போகும். இந்தப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் கடைசியில் சேருவது பழவேற்காடு ஏரி, பூநாரைகள் வந்து மேயும் இடம். என் தோப்புத் தண்ணீர் அங்கே என்ன செய்தது என்று என்னால் காட்ட முடியாது, அளந்ததில்லை. டேங்க் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விட்டது மட்டும் நிச்சயம்.

தோப்புக்குள் நடந்ததைக் காட்ட முடியும். மூன்றாவது நாலாவது வருஷம் கோரை குறைந்தது, பண்ணைக்கீரை போயே போய்விட்டது, குப்பைமேனி போனது. கானாவாழை மட்டும் நின்றது. சாதாரண அளவு கிளைபோசேட்டுக்கு அது அசையாது என்பது களை ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பழைய செய்தி, எனக்குப் புதுசு. போட்டிக்கு ஆளில்லாமல் தனிக்காட்டு ராஜாவாக மரத்தடியெல்லாம் படர்ந்தது. கடைக்காரர் அளவை ஏற்றச் சொன்னார். உலகம் முழுக்க இப்படித்தான் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். 1996-இல் ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் என்ற புல் இந்த மருந்தைத் தாங்கப் பழகிவிட்டதைக் கண்டார்கள், அதன்பின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது. இந்தியாவில் கிளைபோசேட்டுக்கு அனுமதி தேயிலைக்கும் பயிரில்லாத இடங்களுக்கும்தான். மாந்தோப்பு அதில் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் ஒரு படி மேலே போய், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர்கள் மட்டுமே இதை அடிக்கலாம் என்று அறிவித்தது. அப்படிப்பட்ட ஒருவரை ஊரில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் எங்கள் தொழிற்சாலைக்கு மாதாமாதம் வருகிறார்: எலிக்கும் கரப்பானுக்கும். கவச உடை, முகமூடி, பதிவேடு எல்லாம் பக்கா. "அண்ணா, எங்க மாந்தோப்புக்கு வந்து புல்லுக்கு அடிப்பீங்களா?" என்று கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்தார். பிறகு கூலி சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு வருஷ மாங்காயைக் கொடுத்துவிடலாம்.

2025 போல ஒரு வருஷம் அதற்கு முன் வந்ததில்லை. தோத்தாபுரி மாங்காய் விலை தரைக்கு விழுந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க, அரசு 4 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும் என்று ஏற்பாடு ஆனது. அதற்கும் சித்தூர்ப் பக்கம் ஆலை வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. இந்த விலையில் தோப்பு வைத்திருப்பவர் எந்தச் செலவை முதலில் வெட்டுவார் என்பது யாருக்கும் தெரியும். பாட்டில்தான் எப்போதும் மலிவு.

பயிற்சி வகுப்புக்குப் பிறகு அடுத்த முறை தோப்புக்குப் போகும்போது நைட்ரைல் கையுறை, ரப்பர் பூட்ஸ், முகக்கவசம் எல்லாம் வாங்கிப் போனேன். பெருமையாகத்தான் போனேன். அண்ணன் மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மரியாதைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், 'தம்பி சொல்றாரு' என்று போட்டுக்கொண்டார். வெயில் ஏற ஏற முகக்கவசம் கழுத்துக்கு இறங்கியது. பூட்ஸ் வரப்பு ஓரம் போனது. கையுறைக்குள் வேர்வை நிறைந்து, விசை பிடிக்க முடியாமல் கழற்றினார், நாசிலைச் சரிசெய்துவிட்டு ஈரக்கையோடு மறுபடி மாட்டினார். மருந்து பட்ட கையைக் கையுறைக்குள் மூடி வைப்பது, கையுறையே போடாததைவிட மோசம். இது நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டும் விஷயம்.

அதே வகுப்பில் ஒரு படிக்கட்டும் காட்டுவேன். ஆபத்தைச் சமாளிக்க முதல் படி, அந்தப் பொருளே தேவைப்படாமல் செய்வது. அடுத்தது, அதைவிடக் கெடுதல் குறைந்ததை வைப்பது. பிறகு ஆளையும் பொருளையும் பிரிக்கும் ஏற்பாடு. பிறகு வேலை முறையை மாற்றுவது. வேறு எதுவும் மிச்சமில்லாதபோது, கடைசியில் கையுறை. தோப்பில் நான் கடைசிப் படியில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன். கையுறைக்கு என் பையிலிருந்து இருநூறு ரூபாய் போனால் போதும். மேல்படிகளுக்கு ஏறினால் என் ஏற்பாடுகளை மாற்ற வேண்டும்.

அண்ணனோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசியபோது அவரே வழியைக் காட்டினார், வேறு எதையோ சொல்லும் சாக்கில். "டேங்குக்கு இவ்ளோன்னு பேசறீங்க தம்பி. கை கழுவினா ஒரு டேங்க் போச்சு. காத்து அடங்கட்டும்னு குந்தினா ரெண்டு டேங்க் போச்சு." எங்கள் ஊரில் மருந்தடிப்புக் கூலி டேங்குக் கணக்கு. பதினாறு லிட்டர் டேங்குக்கு இத்தனை ரூபாய். அதிக டேங்க் அடித்தால் அதிகக் கூலி. ஒழுகும் மூடியை மாற்ற நேரமில்லை, நாசிலைக் கழற்றி ஊசியால் குத்த நேரமில்லை, ஊதினால் சட்டென்று போகும். நான் 'அஜாக்கிரதை' என்று நினைத்ததெல்லாம் நான் கொடுத்த கூலி முறையின் கணக்கு. பீஸ்ரேட்டில் வேலை வாங்கினால் பாதுகாப்பு விதி காற்றில் பறக்கும் என்று நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதியவன் நான். எங்கள் தோப்பின் நிர்வாகமும் நானே.

அதன்பின் செய்தவற்றைச் சாதனை என்று சொல்ல மாட்டேன். பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மெஷின் வாங்கினோம். அண்ணனுக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்து, நாள்கூலிக்குப் பேசினோம். முதல் வாரம் தோள்பட்டை வீங்கி, "டேங்கே மேல் தம்பி" என்றார். இப்போது பழகிவிட்டது, பக்கத்துத் தோப்புக்காரர்களும் அவரைக் கூப்பிடுகிறார்கள். மெஷினிலும் ஆபத்து உண்டு: கல் தெறிக்கும், காது போகும். அதற்குக் கண்ணாடியும் காதடைப்பும் கொடுத்தேன். இவை வெயிலில் தாங்கக்கூடியவை, போட்டுக்கொள்கிறார். மழைக்கு முன்பே உழவு ஓட்டி, இயற்கை விவசாயத் திட்டத்து ஆட்கள் சொன்னபடி கொள்ளு, காராமணி, சணப்பு, கம்பு என்று நவதானியம் கலந்து தூவினோம். ஒரு பாதியில் நன்றாக மூடிக்கொண்டது, களை அடங்கியது. மறுபாதியில் மழை ஏமாற்றிவிட்டது, தூவியதை மயில் தின்றது. சின்னம்மா வீட்டு ஆடுகளைக் கானாவாழையில் கட்டுகிறோம். அதற்குக் கூலி இல்லை, புழுக்கை லாபம். மொத்தச் செலவு மருந்துச் செலவைவிட அதிகம்தான். தொழிற்சாலைச் சம்பளம் இருப்பதால் எனக்குத் தாங்குகிறது. தோப்பு மட்டுமே பிழைப்பாக உள்ள பக்கத்து நிலத்துக்காரரிடம் போய் 'மருந்தை விடுங்க மாமா' என்று சொல்ல எனக்கு இன்னும் கூசுகிறது, சொன்னதும் இல்லை. பஸ் ஏறிப் போன பெண்களின் கூலிக்கு ஈடான விலை மாங்காய்க்குக் கிடைக்கும்வரை அவருக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை கிடையாது.

மேட்டு மூலையில் கோரைத் திட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. வெட்டினால் நாலு நாளில் நிமிர்ந்துவிடும். போன ஆவணியில் அதற்கு மட்டும் மருந்து அடித்தோம், சட்டப்படி அதுவும் தப்பு. மூடியால் அளக்காமல் அளவுக் குவளையால் அளந்தோம், ஒழுகாத புது டேங்க், விடிகாலையில் காற்று எழுவதற்கு முன். நாசில் ஒரு முறை அடைத்தது. அண்ணன் உட்கார்ந்து, ஊசி தேடி, குத்தி எடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். அந்தச் சட்டையை எங்கள் மோட்டார் கொட்டகையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். துவைத்தது நான்.